கிளவுஸ் கொட்டகையில் ஒரு துணையாள்

நெய்வேலி வட்டாரத்திலேயே, வேலை தெரியாத ஓர் ஆளைப் பழக்கி, அவனை வேலையில் நிலைக்க வைத்த முதல் துணையாள் நான்தான்.

பொய். முதல் வரியே பொய். அவனை நான் நிலைக்க வைக்கவில்லை, அவன்தான் என்னை நிலைக்க வைத்தான். அதுவும் நிற்க வைத்து அல்ல, மண் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை இது. இப்போதும் நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டினால்தான் எழுத்து வருகிறது. பொய் மட்டும் நாக்கை நீட்டாமலே வந்துவிடுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் அரை மணி இருக்கிறது.

எனக்கு வலிப்பு உண்டு. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. அதற்கு முன்பு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். கரி ஏற்றி ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்துவதை மண்வெட்டியால் அள்ளி, மறுபடி பெல்ட்டிலேயே போட வேண்டும். அது மறுபடி சிந்தும். மறுபடி அள்ள வேண்டும். இப்படியே எட்டு மணி நேரம். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வடக்குத்து டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கியது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். கையில் யாரோ கடையின் பூட்டுச் சாவியைத் திணித்திருந்தார்கள். சுற்றிலும் இருபது பேர். என் டீயை எவனோ குடித்துவிட்டிருந்தான்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மெஷின் பக்கம் போகக் கூடாது என்றார். நெய்வேலியில் இருந்துகொண்டு மெஷின் பக்கம் போகாமல் இருக்க வேண்டுமென்றால் ஆகாயத்தில்தான் தொங்க வேண்டும். அடுத்த வரியிலேயே, உயரத்திலும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பெல்ட் வேலையை விட்டேன். கேட்டவர்களிடம் முதுகு வலி என்றேன். முதுகு வலிக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. கேட்கிறவன் உடனே தன் முதுகைக் காட்டி, தனக்கு எந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவான். வலிப்பு என்று சொன்னால் அதே ஆள் பெஞ்சில் ஒரு அடி தள்ளி உட்காருவான். என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் உண்மை தெரியும். அவளும் முதுகுக்குத் தைலம் வாங்கி, வெளியில் தெரிகிற மாதிரி ஜன்னலில் வைத்தாள்.

கிடைத்த கூலி வேலையில் நாலு வருடத்துக்கு மேல் ஓடியது. அப்போதுதான் வடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மேடம் ஸ்கூட்டரில் வந்தார். மாற்றுத்திறனாளிகளையும் நெடுநாள் நோய் உள்ளவர்களையும் வேலையில் சேர்த்துவிடுகிற அமைப்பு ஒன்று. வேலையில் சேர்கிறவர் கூடவே ஒரு துணையாளையும் மூன்று மாதம் அனுப்புவார்கள். துணையாள் வேலையைச் சொல்லிக்கொடுத்து, பழக்கி, பிறகு மெல்ல விலகிக்கொள்ள வேண்டும். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

“என்ன படிச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

“மூணாவதுங்க.”

“பொறுமை இருக்கா?”

“மூணாவதையே மூணு வருஷம் படிச்சேங்க.”

மேடம் சிரித்துவிட்டார். எனக்கு வேலை கிடைத்தது. உடம்பில் ஏதாவது நோய் உண்டா என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. முதுகு வலி என்று மட்டும் சொல்லிவைத்தேன், பழக்கதோஷம்.

அந்த வேலைக்கு இங்கிலீஷில் ஜாப் கோச் என்று பெயர். வீட்டில் போய்ச் சொன்னேன். “கோச்சுன்னா கழுத்துல விசிலு மாட்டிகினு இருப்பாங்களே” என்றாள் வீட்டுக்காரி. அவள் சொல்வது நியாயம் என்று பட்டது. வடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு விசில் வாங்கினேன்.

வேலை செய்யும் இடம், டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு கான்ட்ராக்டரின் கொட்டகை. கான்ட்ராக்ட் ஆட்கள் போட்டுக் கழற்றிய கிளவுசும் ஹெல்மெட்டும் மூட்டை மூட்டையாக அங்கே வரும். டிரம் மெஷினில் துவைத்து, கொடியில் காயப்போட்டு, கிழிந்ததைத் தள்ளி, நல்லதை ஜோடி சேர்த்துக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும்.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவனுக்கு முப்பது வயது. புத்தி மெதுவாக ஓடும், ஆனால் தடம் மாறாமல் ஓடும். அப்பா சுரங்கத்தில் பர்மனென்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் வீடு கட்டியிருந்தார்கள். அவனும் அப்பாவைப் போலக் காலையில் டிபன் கேரியரோடு ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தானாம். முதல்நாள் அம்மாவோடு வந்து நின்றான். சட்டையின் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தான், கழுத்துப் பொத்தான் உட்பட.

நான் கோச் என்று காட்ட விசிலை எடுத்து ஊதினேன்.

அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நானும் அடியில் போய் உட்கார்ந்து, விசிலை அவன் கையிலேயே கொடுத்தேன். வாங்கித் தன் டிபன் கேரியரின் அடித்தட்டில் போட்டு மூடினான். பிறகுதான் வெளியே வந்தான். என் முதல் பயிற்சி இப்படி முடிந்தது.

அவன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தப்பா எடுத்துக்காதப்பா. சத்தம்னா அவனுக்கு ஆவாது. எதைச் சொன்னாலும் அஞ்சு வெரலுல சொல்லு. சின்ன வயசுல இருந்து அப்படித்தான் பழக்கியிருக்கோம். பல்லு வெளக்கறதுலேர்ந்து ரோடு தாண்டற வரைக்கும் எல்லாமே அஞ்சுதான்.”

“ஆறாவது வந்தா என்னங்க பண்றது?”

“வராம பாத்துக்கோ.”

கிளவுஸ் வேலையை ஐந்து விரலுக்குள் அடக்கினேன். எடுக்கணும். உள்ளே கை விட்டு ஓட்டை பார்க்கணும். இடதா வலதா பார்க்கணும். ஜோடி சேர்க்கணும். கட்டணும். மூன்றாவது விரலில் நானே திணறினேன். இடது எது, வலது எது என்று தெரிய, சோறு அள்ளுவதுபோல ஒருமுறை கையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். அவன் அதையும் பயிற்சியில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டான். முதல் வாரம் முழுக்க இருவரும் ஒவ்வொரு கிளவுசுக்கும் ஒரு கவளம் காற்றைச் சாப்பிட்டோம். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, ரெண்டு பேருக்கும் வூட்ல சோறு போடலியா?” என்று கேட்டார்.

இரண்டு வாரத்தில் அவன் காற்றைச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். தொட்டாலே தெரிந்தது. வேகம் கிடையாது. ஆனால் அவன் கட்டிய கட்டில் இரண்டு இடது சேர்ந்து வந்ததே இல்லை. நான் கட்டினால் வரும். நான் கட்டியதை அவன் அவிழ்த்துப் பார்த்து, மறுபடி கட்டுவான்.

மீதி இரண்டரை மாதம் எனக்கு வேலை இல்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதை அளப்பேன். பெல்ட்டில் வேலை செய்தபோது நான் செய்யாத வீரச் செயல்களை எல்லாம் சொல்வேன். அவன் கிளவுஸைக் கட்டிக்கொண்டே கேட்பான். சிரிக்க வேண்டிய இடத்தில் நான் முதலில் சிரித்துக் காட்டுவேன். “கோச்சு சிரிச்சிட்டாரு” என்பான். பிறகு அவனும் சிரிப்பான்.

ஒரு வேலை மட்டும் இருந்தது. மேடம் கொடுத்த ஃபாரம். தினமும் அவன் செய்ததைப் பார்த்து ‘தானாகச் செய்தார்’, ‘சொன்னபின் செய்தார்’, ‘செய்யவில்லை’ என்ற மூன்று கட்டத்தில் ஒன்றில் குறி போட வேண்டும். கீழே ‘குறிப்பு’ என்று நாலு கோடு. எழுத்தோ கடுகு மாதிரி. எனக்கு எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த நாள் வந்துவிடும். அதை மேடமிடம் சொல்ல வெட்கம். அவன் சிறப்புப் பள்ளியில் எட்டு வருடம் படித்தவன், மணிமணியாக எழுதுவான். அதனால் ஃபாரத்தை அவனிடமே கொடுத்துவிட்டேன். தன்னைப் பற்றித் தானே குறி போட்டுக்கொண்டான். கை கழுவ மறந்த நாளில் ‘செய்யவில்லை’ என்று பெரிதாகப் போட்டான்.

“யாருடா பாக்கப் போறாங்க, மாத்திப் போடு” என்றால், “நான் பாத்தேன்” என்பான்.

மூன்றாம் மாதம் பிறந்தது. மேடம் வந்து தெளிவாகச் சொன்னார். மாதக் கடைசியில் வந்து பார்ப்பேன், துணை இல்லாமல் அவன் வேலை செய்தால் கான்ட்ராக்டர் அவனை வைத்துக்கொள்வார். துணையாளின் வேலை அன்றோடு முடிந்தது. இன்னும் துணை வேண்டும் என்று தெரிந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

இந்த வேலை போனால் அடுத்து எங்கே போவேன்? முதுகு வலிக்காரனை ஸ்டூலில் உட்கார வைத்து, கதை சொல்ல விட்டு, ‘கோச்’ என்று கூப்பிடுகிற வேறு இடம் ஏது? அவன் கெட்டிக்காரனாக ஆக ஆக, நான் வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கியது. உலகத்தில் வேறு எந்த வாத்தியாருக்கும் இந்தக் கொடுமை கிடையாது.

மறுநாள் அவனிடம் பேசிப் பார்த்தேன்.

“தம்பி, மேடம் வர்றப்ப கொஞ்சம் தப்பு பண்ணு.”

“ஏன்?”

“தப்பு பண்ணாதான் நான் இன்னும் மூணு மாசம் உன் கூட வேலை செஞ்சிகினு இருக்கலாம்.”

“நீ வேலை செய்யல கோச்சு. நான் செய்றேன்.”

“சரி, நீ செய்யி. நான் உக்காந்துகினு இருக்கேன். அதுக்குத்தான் தப்பு பண்ணச் சொல்றேன்.”

கிளவுஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். “மூணு மாசம் ஆச்சின்னா?”

“மறுபடி தப்பு பண்ணு.”

“எதுவரைக்கும்?”

“ரிட்டையர் ஆற வரைக்கும்.”

“தப்பு பண்ணா பர்மனென்ட் ஆவாங்களா?”

“உலகத்துல நெறைய பேரு அப்படித்தான்டா ஆவுறாங்க.”

அன்று ஃபாரத்தில் நாலு வரி எழுதினான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. படிக்கத் திணறுகிறவனுக்கு உள்ள ஒரே நிம்மதி அதுதான்.

சரி, அவன் தானாகத் தப்பு செய்ய மாட்டான், செய்ய வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சமயமும் அமைந்தது. மேடம் வரும் அதே நாளில் கொட்டகையில் பாதுகாப்பு ஒத்திகை. கான்ட்ராக்டருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமாம். அதற்காக வெளியிலிருந்து ஓர் ஆபீசர் ஸ்டாப் வாட்ச்சோடு வருகிறார். சைரன் ஊதும், எல்லோரும் வேப்பமரத்தடியில் கூட வேண்டும். காயம்பட்டவன் ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் ஒரு வாரமாகத் தூண், தொட்டி, வாளி, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் அசையாமல் நிற்க எங்களுக்கே பயமாக இருந்தது.

“காயம்பட்டவனா படுக்க யாரு வர்றீங்க?” என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். கணக்கு இதுதான்: நான் படுத்துக்கிடப்பேன். அவன் தனியாக இருப்பான். சைரன் ஊதும். விசிலுக்கே மேஜைக்கு அடியில் போனவன், சைரனுக்கு எங்கே போவானோ தெரியாது. மேடம் பார்ப்பார். துணை இன்னும் வேண்டும் என்று எழுதுவார். எனக்கு மூன்று மாதம்.

இவ்வளவு கேவலமான யோசனை எனக்கு வந்ததில் அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரம் முழுக்க ஒத்திகைக்கு ஒத்திகை. என் காலை மாத்திரையை எப்போதும் பாக்குப் பொட்டலத்தில் மடித்து எடுத்து வந்து, கொட்டகைக்குப் பின்னால் போய் வாயில் போட்டுக்கொள்வேன். யாரும் பார்க்கக் கூடாது. அந்த வாரம் சூப்பர்வைசர் என்னை விட்டு நகரவே இல்லை. எப்படி விழ வேண்டும், எந்தக் கால் ஒடிந்தது, எப்போது முனக வேண்டும் என்று பாடம் நடத்தினார். நாலு நாள் மாத்திரை சட்டைப் பையிலேயே கிடந்தது. இரவு மாத்திரை போடுகிறோமே, பாதி உடம்பையாவது காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில் எனக்கு ரத்தம் பூசினார்கள். கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றினார் சூப்பர்வைசர். தண்ணீராக ஓடியது. கெட்டியாக இருக்கட்டும் என்று வெல்லப்பாகு சேர்த்தார். தலையில் ஹெல்மெட், கழுத்தில் ‘காயம்பட்டவர் – 1’ என்று அட்டை. இரண்டாம் நம்பருக்கு யாரும் சம்மதிக்கவில்லை. கொடிகளுக்கு நடுவே மண்ணில் படுக்க வைத்தார்கள். ஐந்தாவது நிமிடம் எறும்பு வந்தது.

மேடம் வந்தார். ஆபீசர் வந்தார். சைரன் ஊதியது.

நான் ஒரு கண்ணைத் திறந்து மேஜையைப் பார்த்தேன். அவன் கையிலிருந்த கிளவுஸைக் கீழே வைத்தான். காதைப் பொத்தினான். சரிதான், இனி மேஜைக்கு அடியில் என்று நினைத்தேன். அவன் காதைப் பொத்திக்கொண்டே எழுந்து, நேராக நடந்து, வேப்பமரத்தடியில் தன் இடத்தில் போய் நின்று, தன் நம்பரைச் சொன்னான். முதலில் போய் நின்றவனே அவன்தான். அவன் அம்மா ஒரு வாரமாகச் செல்போனில் சைரனைப் போட்டுக்காட்டிப் பழக்கியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐந்து விரலாம். கீழே வை, காதைப் பொத்து, நட, நில், நம்பர் சொல்.

மேடம் தலையை ஆட்டியபடி ஏதோ எழுதினார். மண்ணில் படுத்தபடியே என் வேலை போவதை வேடிக்கை பார்த்தேன்.

அப்போது ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. பரவாயில்லையே, வாசனைக்குக்கூட ஏற்பாடு செய்திருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கு அடுத்த நொடி புரிந்தது. எனக்கு வலிப்பு வருவதற்கு முன் அந்த வாசனைதான் வரும்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. கொட்டகையில் எட்டு பேர் எட்டு விதமாகச் சொன்னதிலிருந்து சேர்த்து எழுதுகிறேன்.

நான் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறேன். வாயில் நுரை. ஆபீசர் அசந்துபோய் கிட்டே வந்து நின்றாராம். சூப்பர்வைசருக்குக் கோபம். “யோவ், கால்தான்யா ஒடிஞ்சிருக்கு உனக்கு. இவ்வளவு வேணாம்” என்றாராம். எறும்பு கடிக்கிறது போல, பாவம் என்று ஒருவர். ஸ்ட்ரெச்சர் பிடிக்க வேண்டிய இரண்டு பேர், சைரன் நின்று இரண்டு நிமிடம் கழித்துத்தான் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்களாம். மரத்தடியில் யாரோ கைதட்டியிருக்கிறார்கள்.

லோடு ஏற்றுகிற ஆள் ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. “டேய், இது ஃபிட்ஸ் மாதிரி கீது. இரும்பு எடுத்தாங்கடா” என்று ஓடியிருக்கிறார். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மற்ற ஊரில் சாவிக்கொத்து வரும். எங்கள் ஊரில் இரும்புக்குப் பஞ்சமா. ஒருவர் சாவியைத் திணித்தார், ஒருவர் ஸ்பேனரைத் திணித்தார், ஒருவர் ஒரு ஆள் உயரக் கடப்பாரையைத் தூக்கிவந்து என் கைமேல் வைத்தார். ஆபீசர், “முதலுதவி உபகரணத்துல கடப்பாரை எதுக்கு?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டாராம்.

அதற்குள் அவன் வரிசையை விட்டு நடந்து வந்துவிட்டான்.

“டேய், லைனுக்குப் போடா. டிரில் முடியல” என்றார் சூப்பர்வைசர்.

“இது டிரில் இல்ல.”

“டிரில்தான்டா. அட்டை மாட்டியிருக்கு பாரு.”

“டிரில்லுனா கோச்சு சிரிப்பாரு. சிரிக்கல.”

ஐந்து ஒத்திகையிலும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்பது சூப்பர்வைசருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். அவர் விலகி வழி விட்டார்.

அவன் விரலை மடக்கிக்கொண்டே செய்தானாம். கட்டை விரல், கடப்பாரையையும் சாவியையும் எடுத்துத் தள்ளி வைத்தான். அடுத்த விரல், என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தான். அடுத்தது, ஹெல்மெட் வாரையும் கழுத்தில் இருந்த அட்டைக் கயிற்றையும் தளர்த்தினான். அடுத்தது, தன் வாட்ச்சைப் பார்த்தான். சுண்டு விரல், பக்கத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் கொண்டுவந்தவரைப் பார்த்து, “வாயில ஊத்தாத” என்றான். சின்ன வயதில் அவனுக்கே வலிப்பு வந்துகொண்டிருந்ததாம். அவன் அம்மா வீட்டில் எல்லோருக்கும் அதை ஐந்து விரலில் சொல்லிவைத்திருந்தார். கேட்டுக் கேட்டு அவனுக்கும் மனப்பாடம்.

நான் கண் விழித்தபோது அவன் முகம்தான் முதலில் தெரிந்தது.

“ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு” என்றான்.

ஆபீசர் குனிந்து என் கையைக் குலுக்கினார். “பிரமாதமா பண்ணீங்க. நாடகத்துல நடிச்ச அனுபவம் இருக்கா?”

உடம்பு முழுக்க எறும்பு, நாக்கில் ரத்தம், தலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அந்த நிலையிலும் நான், “உண்டுங்க சார்” என்றேன். எங்கள் தெரு நாடகத்தில் என்னை யாரும் திரை இழுக்கக்கூட விட்டதில்லை.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். “அண்ணா, எத்தனை நாளா இருக்கு உங்களுக்கு?”

“முதுகு வலிங்க மேடம். திடீர்னு புடிச்சிக்கிச்சி.”

“முதுகு இல்ல” என்றான் அவன். “தலை.”

எழுந்து போய் ஃபாரம் கட்டை எடுத்து வந்தான். ‘குறிப்பு’ என்ற கோடுகளைக் காட்டி, விரலை வைத்து, எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தான்.

“கோச்சு தூங்கினார், ஒரு மணி நேரம். கோச்சு கிளவுஸைத் தப்பாகக் கட்டினார். கோச்சு பேசும்போது நின்றுவிட்டார், கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் இல்லை, இருபது செகண்டு. கோச்சு பொய் சொன்னார், மூன்று. கோச்சு மறுபடி இல்லை, முப்பது செகண்டு, வலது கை ஆடியது. கோச்சு என்னைத் தப்பு பண்ணச் சொன்னார்.”

மூன்று மாதமும் தன்னைப் பற்றி மேலே எழுதிவிட்டு, கீழே என்னைப் பற்றி எழுதியிருக்கிறான். கொட்டகையே கேட்டது. எனக்கு இன்னொரு முறை வலிப்பு வந்தால் தேவலாம் போல இருந்தது. வரவில்லை. வேண்டும்போது வராது அது.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். “மேடம், ஃபிட்ஸ் ஆளுன்னு தெரிஞ்சா நான் உள்ளயே வுட்டிருக்க மாட்டேன். டிரம் மெஷின் ஓடற எடம். எதுனா ஒண்ணு ஆயிட்டா என் தலைதான் உருளும். இவரை இன்னியோட அனுப்பிடலாம்.”

“டிரம் பக்கம் நிறுத்தாதீங்க. மேஜையில உக்கார வைங்க. கிளவுஸ் அவரைக் கடிக்காதே” என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்தார். “ஏன்ணா, எங்க திட்டமே உங்களை மாதிரி ஆளுக்கும் சேர்த்துத்தான். நெடுநாள் நோய்னு தனியா ஒரு பக்கமே இருக்கு அந்த ஃபாரத்துல. நீங்க படிக்கலையா?”

ஃபாரத்தை நான் படித்த லட்சணம் அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“சரிங்க மேடம். அப்படியே வெச்சிக்கினாலும், திரும்பி வந்துச்சின்னா யாரு பாத்துக்கறது?” என்றார் சூப்பர்வைசர்.

அவன் கையை நீட்டி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

“நான். அஞ்சு இருக்கு.”

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அலைச்சல். ஆஸ்பத்திரிக்கு என்னோடு மேடமும் வந்தார். அந்தக் குறிப்புகளை டாக்டர் முழுக்கப் படித்தார். பொய் சொன்ன பக்கத்தையும் விடவில்லை. “யாரு எழுதினது? நான் கேக்கணும்னு நெனச்சதெல்லாம் இதுலயே இருக்கே” என்றவர், மத்தியானத்துக்கும் ஒரு மாத்திரை சேர்த்தார். நெடுநாள் நோய்க்கான சான்றிதழும் கிடைத்தது. நான் மேஜை வேலைக்குப் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். அவனுக்கு வேலை நிலைத்தது, கூடவே மூன்று மாதத்துக்கு அவன்தான் எனக்குத் துணையாள். கான்ட்ராக்டருக்குப் பாதுகாப்புச் சான்றிதழும் வந்துவிட்டது. ‘உண்மைக்கு மிக நெருக்கமாக நடத்தப்பட்ட ஒத்திகை’ என்று அதில் ஒரு வரி. சூப்பர்வைசர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டி, சட்டத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார். அன்றைய ஃபாரத்தில் அவன் தனக்கு ஒரே ஒரு ‘செய்யவில்லை’ போட்டிருந்தான். ‘டிரில் முடிவதற்குள் லைனை விட்டுப் போனேன்.’ மேடம் அதைக் கோடு போட்டு அடிக்கப் பார்த்தார், அவன் விடவில்லை.

இப்போதும் அவன் என்னைக் கோச்சு என்றுதான் கூப்பிடுகிறான். நான் எடுக்கிறேன், ஓட்டை பார்க்கிறேன், காற்றைச் சாப்பிட்டு இடதா வலதா பார்க்கிறேன். அவன் எதிரில் உட்கார்ந்து எழுதுகிறான். மாத்திரையை எல்லோர் முன்னாலும் போடச் சொல்கிறான். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பார்த்தால் லோடு ஏற்றுகிற ஆள் தன் சர்க்கரை மாத்திரையையும், சூப்பர்வைசர் தன் பிரஷர் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கே வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சொம்புத் தண்ணீர்.

என் மூன்று மாதமும் போன வாரம் முடிந்தது. நான் துணை இல்லாமல் வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் அவன் துணையாள் வேலை முடிந்தது. என்னை ஹெல்மெட் பக்கத்துக்கு மாற்றுவார்கள், அவன் கிளவுஸ் பக்கத்தில் இருப்பான். நேற்று மேடம் வருவதற்கு முன் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“கோச்சு, கொஞ்சம் தப்பு பண்ணு.”

“ஏன்டா?”

“நீ தனியா செஞ்சா ஃபாரம் வராது. எனக்கு ஃபாரம் வேணும்.”

“அடப்பாவி, நீயா இதைச் சொல்ற?”

“நீதான் சொல்லிக் கொடுத்த.”

மேடம் வந்து எதிரில் உட்கார்ந்தார். மேஜையில் நாற்பது கிளவுஸ். அவன் ஃபாரத்தை விரித்து, பேனா மூடியைக் கழற்றினான். நான் ஒன்றை எடுத்தேன். உள்ளே கை விட்டேன், ஓட்டை இல்லை. காற்றைச் சாப்பிட்டேன், இடது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் இடது. அவன் என் கையையே பார்த்தான். மேடம் ஸ்கூட்டர் சாவியைப் பையில் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு இடதையும் ஒன்றாக வைத்து, கயிற்றை எடுத்து, முதல் சுற்றுச் சுற்றினேன். அவன் பேனா ‘தானாகச் செய்தார்’ கட்டத்துக்கும் ‘செய்யவில்லை’ கட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றது. அப்போது மேடம் நிமிர்ந்து—

“கோச்சு, சாப்பாட்டு நேரம் முடிஞ்சி மணி அடிச்சி ரெண்டு நிமிஷம் ஆவுது. மத்தியான மாத்திரை போடல. ஃபாரத்துல எழுதட்டுமா?”

“எழுதாதடா, தோ வந்துட்டேன்.”